குழுப் பெண்களைத் தூண்டிவிடுவது யார்?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் பதினைந்து மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. ஒழுங்காகச் சேமித்து, கடன் வாங்கி, அடைத்து வந்தார்கள். இப்போது, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் உள்ள டாஸ்மாக் கடையை மாற்ற வேண்டும், சாயங்காலம் டவுன் பஸ் விட வேண்டும் என்று தீர்மானம் போட்டுக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வரை போகிறார்கள். யாரோ பின்னாலிருந்து தூண்டிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சேமிப்பு, கடன் என்று இருந்த குழுவுக்கு இந்த வேலை தேவையா?
— ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: 'தூண்டிவிடுகிறார்கள்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இதே குழுப் பெண்களைக் கட்சிப் பொதுக்கூட்டங்களுக்கு வேனில் ஏற்றிப் போய் வெயிலில் உட்கார வைக்கிறார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இது நடக்கிறது. 'குழுவுக்கு இது தேவையா' என்று கேட்டு அப்போது எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. அவர்களாகக் கூடிப் பேசி ஒரு பஸ் கேட்டதும் உங்கள் கடிதம் வருகிறது. கூட்டிக்கொண்டு போனால் யாருக்கும் உறுத்தவில்லை. தானாக எழுந்து போனால் உறுத்துகிறது. இதை நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சேமிப்புதான் குழுவின் அசல் வேலை, மற்றதெல்லாம் இடையில் வந்து ஒட்டிக்கொண்டது என்று எழுதுகிறீர்கள். நமக்குப் பக்கத்தில் நெல்லூரில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

எண்பதுகளில் ஆந்திர அரசு 'வாருணி வாஹினி' என்ற பெயரில் சாராயத்தைப் பாக்கெட்டில் அடைத்து விற்றது. கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. சாராயம் ஊருக்குள், வீட்டு வாசல் வரை வந்தது. கூலிப் பணம் அடுப்படியை எட்டுவதற்குள் கரைந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் 'அட்சர தீபம்' எழுத்தறிவு இயக்கம் வந்தது. இரவு வகுப்பில் கொடுத்த புத்தகத்தில் சீதம்மா கதை என்று ஒரு பாடம். சாராயத்தைப் பற்றியது. நாற்று நட்டுக் களைத்து வந்த பெண்கள் எழுத்துக் கூட்டி அதைப் படித்தார்கள். படித்தது சொந்தக் கதையாக இருந்தது. துபகுண்ட என்ற ஊரின் பெண்கள், நம் ஊர்க் கடையை ஏன் மூடக்கூடாது என்று பேச ஆரம்பித்தார்கள். மூடினார்கள். முன்னால் நின்ற ரோசம்மாவை இன்றைக்கும் ஊர்ப் பெயரைச் சேர்த்து 'துபகுண்ட ரோசம்மா' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த ஊர்ப் பெண்கள் செய்தது அடுத்த கட்டப் பாடப் புத்தகத்தில் இன்னொரு பாடமானது. தலைப்பு, 'பெண்கள் ஒன்று சேர்ந்தால்'. அதைப் படித்த மற்ற ஊர்ப் பெண்கள், அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று கிளம்பினார்கள். 1992-இல் சாராய ஏலம் நடக்கும் இடத்துக்கே திரண்டு போய் நின்றார்கள். ஏலம் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. அரசின் வருமானத்திலேயே கைவைக்கிற காரியம் இது. இதை மேலிருந்து யாரும் தூண்டிவிட்டிருக்க முடியாது. 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அக்டோபர் 1-ஆம் தேதி மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார். சாராயத்தைப் பாக்கெட்டில் விற்க வைத்த 'வாருணி வாஹினி'யும் அவர் ஆட்சியில்தான் வந்தது.

சேமிப்பு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். இதற்கு அப்புறம்தான் வந்தது. சாராயக் கடை மூடியதும் வீட்டில் நான்கு காசு தங்க ஆரம்பித்தது. அதை என்ன செய்வது என்று யோசித்தபோது பிறந்ததுதான் 'பொதுபு லட்சுமி' சேமிப்புக் குழுக்கள். தினம் ஒரு ரூபாய். போராடின கைகள்தான் உண்டியலைத் தூக்கின. அங்கே போராட்டம் முதலில், பாஸ்புக் பிறகு.

முழு மதுவிலக்கை 1997-இல் அரசு விலக்கிக்கொண்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த முடிவு அரசின் கையில் இருந்தது, அரசு மாற்றியது. பெண்கள் தங்கள் கையில் வைத்திருந்தது சேமிப்பு. அது நிலைத்தது.

சரி, இது போராட்டக் களம், எங்கள் குழு அப்படியில்லை என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் ஜாம் போடுவதற்கும் கேக் சுடுவதற்கும் பெயர்போன ஒரு சங்கத்தைச் சொல்கிறேன். பிரிட்டனின் 'விமென்ஸ் இன்ஸ்டிடியூட்'. அங்கே முதல் கிளை 1915-இல் வேல்ஸ் நாட்டின் ஒரு சின்ன ஊரில் தொடங்கியது. அந்தச் சங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, எதற்காகக் குரல் கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்யும் விதம். எந்தக் கிராமத்து உறுப்பினரும் ஒரு தீர்மானத்தை எழுதி அனுப்பலாம். வந்தவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து எல்லா உறுப்பினர்களின் வாக்குக்கு விடுகிறார்கள். முன்னணியில் வருவதை ஒவ்வொரு கிளையும் உட்கார்ந்து விவாதிக்கிறது. கடைசியாக ஆண்டுக் கூட்டத்தில், ஆதரித்துப் பேச ஒருவர், எதிர்த்துப் பேச ஒருவர். அதன்பிறகு வாக்கெடுப்பு. மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. ஆனால் ஜெயித்த தீர்மானம் தலைவியுடையதாக இருக்காது. எல்லோருடையதாக இருக்கும்.

'ஒரே வேலைக்கு ஒரே கூலி' என்று அவர்கள் தீர்மானம் போட்டது 1943-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது. சட்டம் வந்தது 1970-இல். இருபத்தேழு வருஷம். குப்பை போடாதே என்று அந்த நாட்டில் நடந்த பெரிய பிரசாரம் இவர்களின் 1954 தீர்மானத்தில் முளைத்தது. 2009-இல் தேனீக்களைக் காப்பாற்றத் தீர்மானம் போட்டார்கள். கட்சி சார்பில்லாத சங்கம் அது. 2000 ஜூனில் பிரதமர் டோனி பிளேர் அவர்களின் மாநாட்டுக்கு வந்து அரசியல் வாடை வீசப் பேசினார். சுமார் பத்தாயிரம் பெண்கள் கூடிய அரங்கில் 'போதும், நிறுத்து' என்ற பொருளில் பலர் மெல்லத் தாளம் போட்டுக் கைதட்டினார்கள். பிரதமராலேயே இயக்க முடியவில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். நம்மூரில் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் அரசுத் திட்டமாகத் தொடங்கின. மேலிருந்து வந்ததால் மேலே பார்த்தே பழகிவிட்ட குழுக்கள் உண்டு. அந்த அளவில் உங்கள் சந்தேகத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஊக்குநர் ஒருவரே எல்லாம் முடிவு செய்து, மற்றவர்கள் தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும் போடுகிற குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, எழுதி முடித்த தீர்மானத்தில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். 'தெரியலப்பா, பிரதிநிதி போடச் சொன்னாங்க, போட்டேன்' என்றார். எனக்கு மனசு கனத்துப்போனது. அன்றைக்கு அந்த நோட்டில் இருந்தது போராட்டம் எதுவும் இல்லை, ஒரு கடன் விண்ணப்பம். தனக்குத் தெரியாமல் தன் தலையில் ஏறுகிற கடன். இந்த வேலையைத்தான் ஒழுங்காக நடந்து வந்தது என்று நீங்கள் எழுதுகிறீர்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பஸ் வேண்டும் என்று முதலில் வாய் திறந்தது யார்? அதற்கு எதிராக யாராவது பேச முடிந்ததா? போகவில்லை என்று சொன்னவளுக்குக் கடன் மறுக்கப்பட்டதா? இவற்றை ஊரில் விசாரியுங்கள். தில்லுமுல்லு தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், பெயர் போடாமல் வெளியிடுகிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஓரளவு விடை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தூண்டிவிடுகிறவன் பெரிய கோரிக்கையாகக் கேட்கச் சொல்வான். ஆட்சியை மாற்று என்பான், இன்னாரைக் கைது செய் என்பான். சாயங்கால பஸ் என்பது மில்லிலோ தோட்டத்திலோ வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறவளுக்கு மட்டும் தோன்றுகிற கோரிக்கை. பள்ளிக்கூடப் பாதையில் இருக்கிற கடை, பெண் பிள்ளையை அந்த வழியாகத் தினமும் அனுப்புகிறவளின் கோரிக்கை. 2003-இலிருந்து சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அதனால் கடையை மாற்று என்று அரசிடம்தான் கேட்க வேண்டும். கலெக்டர் ஆபீஸைத் தவிர வேறு எங்கே போவார்கள்?

அவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு இடமும் இருக்கிறது. அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை. பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும், யாரும் பேசலாம். பதினைந்து குழுக்களும் வந்து உட்கார்ந்தால் ஆள் போதவில்லை என்று கூட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது. பஸ் கோரிக்கையை முதலில் அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்களும் அந்த ஊர்க்காரர்தானே, போய் உட்காருங்கள். உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் எழுந்து அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அவர்கள் பதில் சொல்வார்கள். ஆட்சேபம் இல்லையென்றால் கை தூக்குங்கள். அந்த பஸ்ஸில் உங்கள் வீட்டுப் பெண்ணும் வருவாள்.