வாஷ் கரைக்குப் பறவை பார்க்கப் போகும் தம்பிக்கு

கிங்ஸ் லின் பக்கம் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, சொந்த ஊர் வேதாரண்யம், இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் லீவு நாளில் தனியாகப் பறவை பார்க்கப் போகலாமா, குளிர் எப்படி, நம்மூர்ச் சாமான் கிடைக்குமா, என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கும் சாமானுக்கும் பதில் சொல்ல ஆள் நிறைய வருவார்கள், அதை விடுங்கள்.

தம்பி, கோடியக்கரைச் சேற்றில் நடந்த தைரியத்தில் வாஷ் விரிகுடாவில் இறங்கிவிடாதீர்கள். நம்மூரில் ஓதம், அதாவது கடல் ஏற்றம், ஏறினாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கடல் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கிடக்கும், அதைப் பார்த்து ஏமாந்து போகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் தண்ணீர் நேராக எதிரே வராது, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் உப்பங்கழி ஓடைகளில் முதலில் ஏறிக்கொள்ளும். வெல்ஸ் கடற்கரையில் ஓதம் ஏறுவதை எச்சரிக்க சைரனே ஊதுகிறார்கள். ஓத நேரம் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும், கிராமத்துப் பேருந்தை நம்ப முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று. கோடையில் கூழாங்கல் கரையில் கயிறு கட்டியிருந்தால் உள்ளே போகக்கூடாது. ஆலா என்னும் கடற்பறவைகள் வெறும் கல்லிலேயே முட்டையிடும், முட்டையும் கல் மாதிரியே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். சின்ன ஆலா மாதிரிப் பறவைகளைக் கூட்டில் தொந்தரவு செய்வது இங்கே 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நம் ஆட்களே சிலர் முழ நீள லென்ஸோடு கயிற்றைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன், கேட்டால் "ஒரே ஒரு போட்டோ அக்கா" என்பார்கள். மிச்சம் பேர் சனி, ஞாயிறு வந்தால் லண்டனில் தமிழ்க் கடைகள் இருக்கும் ஈஸ்ட்ஹாமுக்கு ஓடிவிடுவார்கள், பத்து வருஷமாக இங்கே இருந்தும் டிச்வெல், க்ளை என்ற பறவைச் சதுப்புகளின் பெயர்கூடத் தெரியாது. க்ளை சதுப்பை 1926லேயே பறவைகளுக்காக விலைக்கு வாங்கிப் போட்டிருக்கிறார்கள்!

நான் வந்தது நவம்பரில். "லண்டன் பக்கம்தான்" என்று ஏஜென்ட் சொன்ன ஊருக்கு லண்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஈரம் கசியும் சுவர், ஹீட்டரை எண்ணி எண்ணிப் போடும் வீட்டுக்காரர், பேச ஆளில்லை. அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் விடியும் முன்னே கதவைத் தட்டி, அதிகம் பேசாமல், வாஷ் கரையிலுள்ள ஸ்னெட்டிஷமுக்குக் காரில் கூட்டிப் போனார். வெளிச்சம் வருவதற்குள் பிங்க் ஃபுட்டட் வாத்துகள் வரிசை வரிசையாகக் கத்திக்கொண்டே தலைக்கு மேல் உள்நாட்டு வயல்களுக்குப் போயின. ஐஸ்லாந்திலிருந்து வந்து, அறுவடையான சர்க்கரை பீட்ரூட் வயல்களில் மேய்கிறவை. அப்புறம் ஓதம் ஏற ஏற, நாட் என்னும் உள்ளான்கள் சேற்றை விட்டு ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கிளம்பின. முறத்தில் நெல் புடைக்கிற மாதிரி இறக்கைச் சத்தம். கரைக்குப் பின்னால் பழைய சரளைக் குழிக் குளங்களில் இறங்கி, கால் வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றன, ஓரத்தில் ஒன்று நகர்ந்தால் கூட்டம் முழுக்க ஒரு அடி நகர்ந்தது. குளிரில் மூக்கு எரிந்ததெல்லாம் மறந்துபோனது. இப்போது சுக்குக் காப்பி ஃபிளாஸ்கோடு வாடைக்காற்றில் இரண்டு மணி நேரம் நிற்கிறேன், உள்ளூர்க்காரர்களே எனக்கு முன்னால் காருக்குத் திரும்புகிறார்கள்.

கேமராவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் சம்பளத்தில் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. கண்ணாடி) பைனாகுலர் ஒன்று, பழையது கிடைத்தாலும் சரி. அப்புறம் முழங்கால் வரை பூட்ஸ், இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பார்த்து வாங்குங்கள்.