கேளுங்க சொல்றேன்: ஒரு எரிமலை, நாலு கப்பலோட பேரு

போன இதழ்ல, அண்டார்டிகாவுல ஒரு எரிமலை இருக்கு, அது வாய்க்குள்ள லாவா ஏரி மாதிரி தேங்கி கொதிச்சுக்கிட்டே கெடக்குன்னு நாலே நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கடிதம், மெயில் வரும்னு எதிர்பார்க்கல. அதனால இந்த தடவை முழுக்க அந்த ஒரு மலையப் பத்தித்தான், மவுண்ட் எரெபஸ்.

கேள்வி: அண்டார்டிகாவுல குடியிருக்க ஆளே கிடையாது, அப்புறம் அந்த மலைக்கு எரெபஸ்னு யாரு சார் பேரு வச்சா? கிரேக்க கடவுள் பேருன்னு நெட்ல போட்டிருக்காங்க, நிஜமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பாதி நிஜம் தம்பி. கிரேக்கப் புராணத்துல எரெபஸ்னா உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே இருந்த ஆதி இருட்டு. ஆனா அந்தப் பேரு புராணத்துலேருந்து நேரா மலைக்கு வரல, நடுவுல ஒரு கப்பல் இருக்கு. 1841 ஜனவரி கடைசில ஜேம்ஸ் கிளார்க் ராஸ்ங்கற பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் எரெபஸ், டெரர்னு ரெண்டு பாய்மரக் கப்பல எடுத்துக்கிட்டு தெற்கு காந்த துருவத்தைத் தேடி பனிக்கட்டிக்கு நடுவுல பூந்து போயிட்டிருந்தாரு. தூரத்துல உசரமா ஒண்ணு தெரிஞ்சுது, முதல்ல ஏதோ தீவுன்னு நினைச்சாங்க, அது உச்சியில வெள்ளையா எழும்பினத பார்த்துட்டு காத்துல பறக்கற பனித்தூள்னு நினைச்சாங்க, கிட்டப் போகப் போகத்தான் அது புகை, அதுக்குள்ள நெருப்பு தெரியுதுன்னு புரிஞ்சுது. சுத்தி எந்தப் பக்கம் பார்த்தாலும் பனி, நடுவுல ஒரு மலை தீயைக் கக்கிட்டு நிக்குது, அந்த கப்பல்காரங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! ராஸ் அந்த மலைக்கு தன் கப்பல் பேரையே வச்சாரு, கிழக்க பக்கத்துல அணைஞ்சு கெடந்த இன்னொரு எரிமலைக்கு டெரர்னு வச்சாரு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டு கப்பலும் ஆராய்ச்சிக்குன்னு கட்டினது இல்ல, கரையில இருக்கற கோட்டை மேல குண்டு வீசறதுக்குக் கட்டின பீரங்கிக் கப்பல். பீரங்கி சுடும்போது வர்ற அதிர்ச்சியத் தாங்கணும்னு கட்டையெல்லாம் ரொம்ப கெட்டியா போட்டிருந்தாங்க, அதனாலதான் பனிக்கட்டி இடிச்சாலும் தாங்கும்னு அதையே தேர்ந்தெடுத்தாங்க. பிரிட்டிஷ்காரங்க அந்த வகைக் கப்பலுக்கு வெசுவியஸ், எட்னா, ஹெக்லான்னு எரிமலைப் பேரா வைக்கறது வழக்கம். எரிமலை பேரை கப்பலுக்கு வச்சுக்கிட்டிருந்தவங்க இங்க வந்து கப்பல் பேரை எரிமலைக்கு வச்சிருக்காங்க. பொருத்தமும் அப்படியே அமைஞ்சிருக்கு, வருஷத்துல நாலு மாசத்துக்கு சூரியனே உதிக்காத இடத்துக்கு இருட்டோட பேரு.

இன்னொண்ணு, ராஸ் கப்பல்ல இருந்தபடியே அந்த மலையோட உசரம் 12,400 அடின்னு கணக்குப் போட்டு எழுதி வச்சாரு. இன்னிக்கு சொல்ற உசரம் 3,794 மீட்டர், அதாவது 12,448 அடி! 67 வருஷம் கழிச்சு மேலயே ஏறிப் போய் அளந்தவங்க கூட 13,000 அடிக்கு மேலன்னு தப்பாத்தான் சொன்னாங்க.

கேள்வி: எரிமலைன்னா கொதிக்கணும், பனின்னா உருகணும். ரெண்டும் ஒரே மலையில எப்படி? எங்க பசங்க கேக்கறாங்க, எனக்கு சொல்லத் தெரியல. (பள்ளி ஆசிரியை, தேனி)

பசங்க நல்லா கேட்டிருக்காங்க டீச்சர். கல்லு சூட்டைக் கடத்தறதுல ரொம்ப மந்தம். லாவா கெடக்கறது உச்சியில, வாய்க்குள்ள, சில பத்து மீட்டர் அகலத்துக்குத்தான், அங்க கிட்டத்தட்ட 1000 டிகிரி இருக்கும், ஆனா அந்த சூடு மலை உடம்பு முழுக்கப் பரவி சரிவு வரைக்கும் வர்றதில்ல. வெளியில கோடைகாலத்துலயே மைனஸ் இருபது முப்பது, அதனால சரிவுல விழற பனி அப்படியே தங்கி வருஷம் வருஷமா அமுங்கி, தன் எடையாலயே மெல்ல மெல்ல கீழ வழியுது, அதுதான் கிளேசியர், நம்ம பாஷையில பனியாறு.

சூடு வெளிய வர்ற இடமும் உச்சிப்பக்கத்துல இருக்கு. பாறை வெடிப்பு வழியா நீராவி வந்து மேல மூடியிருக்கற பனிய அடிப்பக்கமா உருக்கி குகையாக்கிடும், சில குகைக்குள்ள 25 டிகிரி வரைக்கும் போகுதாம், சட்டையோட நிக்கலாம். அந்த ஆவி ஓட்டை வழியா வெளிய எட்டிப் பார்த்த உடனே உறைஞ்சு போய், அது மேலயே அடுத்த ஆவியும் உறைஞ்சு, அப்படியே பனியாலயே புகைபோக்கி மாதிரி வளருது, பத்து மீட்டர் உசரம் வரைக்கும். உள்ள வெறும் கூடு, உச்சியில லேசா ஆவி போயிட்டே இருக்கும். ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வச்சு மூடியத் திருப்பிக் காட்டுங்க, அடியில துளி துளியா நிக்கும், அந்தத் துளி நின்ன இடத்துலயே உறைஞ்சுட்டா என்ன ஆகும்னு கேளுங்க, பசங்க சட்டுனு பிடிச்சுக்குவாங்க.

அந்த லாவா அப்பப்போ வெடிச்சு, குழம்பா இருக்கற கல்லை வாய்க்கு வெளியிலயும் வீசும். விழுந்து ஆறின கல்லு கண்ணாடி மாதிரி நொறுங்கி உதிர்ந்து போகும், உள்ள இருந்த படிகம் மட்டும் தரையில மிச்சம் கெடக்கும், அனார்த்தோகிளேஸ்னு பேரு. பொதுவா லாவாவுல படிகம் கண்ணுக்குத் தெரியறதே கஷ்டம், இங்க விரல் நீளத்துக்கு, பழுப்பா, பட்டை பட்டையா தரை பூரா இறைஞ்சு கெடக்கு, அதுமேல மிதிச்சுத்தான் நடக்கணும். அடியில ரொம்ப காலம் நிதானமா கொதிச்சு மெதுவா வளர்ந்ததாலதான் அந்த சைஸ்.

கேள்வி: மலைக்கு கப்பல் பேரு சரி, அங்க இருக்கற பனியாறுகளுக்கு என்ன பேரு? அதுக்கும் கதை இருக்கா? (ஓய்வுபெற்ற தபால்காரர், காரைக்குடி)

இருக்கு ஐயா, நீங்க ஆயுசு பூரா விலாசம் படிச்சவரு, இது உங்களுக்குப் பிடிக்கும்.

எரெபஸ் இருக்கற தீவுக்கு ராஸ் தீவுன்னு பேரு, ராஸ் வச்சதில்ல, அது தீவுன்னே அவருக்குத் தெரியாது, 1902-ல ராபர்ட் ஸ்காட்ங்கற இன்னொரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வந்து கண்டுபிடிச்சு ராஸ் ஞாபகமா வச்சது. தெற்குப் பக்கமா இறங்கற பனியாறுதான் எரெபஸ் கிளேசியர், அது கடலுக்கு வந்தும் நிக்காம தண்ணி மேல மிதந்துக்கிட்டே பத்து கிலோமீட்டருக்கு மேல நீண்டு போகுது. மேலேருந்து பார்த்தா ரெண்டு ஓரமும் ரம்பப் பல்லு மாதிரி வெட்டு வெட்டா இருக்கற ஒரு நாக்கு, அதனால எரெபஸ் பனிநாக்குன்னே பேரு. அப்பப்போ நுனி ஒடிஞ்சு போகும், 1911-ல ஸ்காட் ஆளுங்க குதிரைத் தீவனத்தை அதுமேல அடுக்கி வச்சிருந்தாங்க, ஒடிஞ்ச துண்டு தீவனத்தோட மிதந்து போய் எதிர்க்கரையில தட்டி நின்னுச்சு!

மேற்குப் பக்கம் இறங்கறது பார்ன் கிளேசியர். மைக்கேல் பார்ன்ங்கறவரு ஸ்காட்டோட முதல் பயணத்துல வந்த அதிகாரி, முதல்ல கடலோரமா இருக்கற ஒரு நிலமுனைக்கு அவர் பேரு வச்சாங்க, அப்புறம் அந்த முனைக்குப் பக்கத்துல இறங்கினதால பனியாறும் பார்ன் ஆயிடுச்சு. ஆளுலேருந்து முனைக்கு, முனையிலேருந்து பனிக்கு. எரெபஸ் பேரும் அதே மாதிரிதான் நகர்ந்திருக்கு, இருட்டுலேருந்து கப்பலுக்கு, கப்பல்லேருந்து மலைக்கு, மலையிலேருந்து பனியாறுக்கு, அங்கேருந்து நாக்குக்கு.

எரெபஸுக்கும் டெரருக்கும் நடுவுல டெரா நோவான்னு ஒரு மலை, அதுவும் கப்பல்தான், ஸ்காட் ஆளுங்களை மீட்க வந்த கப்பல். அந்த மூணு மலைக்கு இடைவெளியில தெற்க இறங்கற ரெண்டு பெரிய பனியாறுக்கு 1960-கள்லதான் பேரு வச்சாங்க, டெரர் கிளேசியர், அரோரா கிளேசியர். அரோரா எதுன்னா, 1915-ல கரையோரமா கட்டிப் போட்டிருந்தப்போ புயல்ல கயிறெல்லாம் அறுத்துக்கிட்டு பனியோட அடிச்சுட்டுப் போன கப்பல், கரையில பத்து பேரு மாட்டிக்கிட்டாங்க, மூணு பேரு திரும்பவே இல்ல.

இப்ப இந்த நாலு கப்பலும் என்னாச்சுன்னு பாருங்க. எரெபஸும் டெரரும் 1845-ல ஃபிராங்க்ளின் தலைமையில வடதுருவப் பக்கம் போய் 129 பேரோட காணாமப் போச்சு, கடலடியில ஒண்ணை 2014-லயும் இன்னொண்ணை 2016-லயும்தான் கண்டுபிடிச்சாங்க. அரோரா 1917-ல ஆஸ்திரேலியாவுலேருந்து கிளம்பி காணாமப் போச்சு. டெரா நோவா 1943-ல கிரீன்லாந்து பக்கம் முங்கிப் போச்சு. நாலும் தண்ணிக்கு அடியில, ஆனா நாலு கப்பலோட பேரும் ஒரே தீவுல பக்கத்துப் பக்கத்துல நிக்குது. அண்டார்டிகா மேப்பை நான் அதனாலதான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கறேன், அங்க ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் குளிர்ல நடுங்கின ஒரு ஆளு இருக்காரு. கேப்டன்களுக்கு மட்டும்தான் மரியாதைன்னும் நினைக்காதீங்க, மேற்குச் சரிவுல ஒரு கூம்புக்கு ஹூப்பர்ஸ் ஷோல்டர்னு பேரு, ஹூப்பர் ஸ்காட் குழுவுல பரிமாற, எடுபிடி வேலைக்கு வந்தவரு, 1912 டிசம்பர்ல எரெபஸ் ஏறக் கிளம்பின ஆறு பேர் குழுவுல அவரும் ஒருத்தர்.

கேள்வி: காசு கொடுத்தா மலைக்கு நம்ம பேரு வைப்பாங்களா? (வாசகி, சேலம்)

இப்ப முடியாதுங்க, ஒரு காலத்துல நடந்திருக்கு. எரெபஸ் நெருப்பு அணையாத மலை, ஆனா அண்டார்டிகாவுலயே உசரமான எரிமலை மவுண்ட் சிட்லி, 4,285 மீட்டர், 1934-ல அமெரிக்க அட்மிரல் பேர்டு விமானத்துலேருந்து பார்த்துக் கண்டுபிடிச்சது. சிட்லிங்கறது மேபெல் சிட்லி, அவங்க அப்பா பேரு வில்லியம் ஹார்லிக். ஆமாங்க, நம்ம வீட்டு அலமாரியில இருக்கற அதே ஹார்லிக்ஸ்தான்! அந்தப் பயணத்துக்கு அவர் பணம் கொடுத்தாரு, பேர்டு நன்றிக்கு விமானத்துக்கு அவர் பேரு, ஒரு மலைத்தொடருக்கு ஹார்லிக் மலைகள்னு பேரு, எரிமலைக்கு பொண்ணு பேருன்னு வச்சுட்டாரு.

இப்ப பேரு வைக்க ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு கமிட்டி இருக்கு, அந்த மண்ணு யாருக்கும் சொந்தமில்லாததால எல்லாருக்கும் மேல ஒரே ஆபீஸ்னு கிடையாது, எல்லா நாட்டுப் பேரையும் சேர்த்து ஒரு பொதுப் பட்டியல் மட்டும் வச்சிருக்காங்க. அங்க வேலை செஞ்சவங்களுக்குத்தான் முதல் மரியாதை. பீகார்ல பிறந்த அகௌரி சின்ஹாங்கற விஞ்ஞானி 1971-72-ல அமெரிக்கக் கப்பல்ல போய் சீல், திமிங்கலம், பறவைன்னு கணக்கெடுத்தாரு, அவர் பேர்ல மவுண்ட் சின்ஹான்னு ஒரு மலை அங்க இருக்கு.

கேள்வி: எரெபஸ்ல விமானம் மோதினதா எங்க அப்பா சொல்வாரு. உண்மையா சார்? (வாசகர், கோவை)

உண்மைங்க. 1979 நவம்பர் 28, நியூஸிலாந்துலேருந்து அண்டார்டிகாவ மேலேருந்தே சுத்திக் காட்டிட்டு திரும்பற டூர் விமானம், டிசி-10, 257 பேரு. கம்ப்யூட்டர்ல போட்டிருந்த பாதை மாறியிருந்தது விமானிகளுக்குத் தெரியல, கடல் மேல போறோம்னு நினைச்சுத் தாழ்வா பறந்தாங்க, எதிர்க்க மலை. மேகத்துக்குக் கீழ வெளிச்சம் பனியில பட்டு எல்லாப் பக்கமும் சிதறினா சரிவு எது வானம் எதுன்னு பிரிச்சுப் பார்க்கவே முடியாது, கண்ணு நல்லா தெரிஞ்சும் முன்னாடி இருக்கற மலை தெரியாமப் போயிரும். மலையோட வடக்குப் பக்கம், அடிச்சரிவுல மோதிச்சு. ஒருத்தர் கூட பிழைக்கல.

அந்த இடத்துக்கு இப்ப யாரும் சும்மா போக முடியாது, கல்லறையா அறிவிச்சு பாதுகாப்புப் பகுதி ஆக்கிட்டாங்க, பாறையில ஒரு ஸ்டீல் சிலுவை நட்டிருக்காங்க. விமானத்தோட மிச்சம் கொஞ்சம் பனிக்குள்ளயே இருக்கு, பனியோட சேர்ந்து அதுவும் கடலைப் பார்த்து மெல்ல நகர்ந்துட்டிருக்கு. விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்துல பேரே இல்லாம நின்ன ஒரு சிகரத்துக்கு நியூஸிலாந்து பிற்பாடு பேரு வச்சுது, மாவோரி மொழியில தே புனா ரோய்மாதா. கண்ணீர் ஊற்றுன்னு அர்த்தம்.