வாசகர் கேள்வி-பதில்: தூரம் குறைந்தால் நேரமும் குறையுமா?

திருகோணமலைச் சீனக்குடா விமான நிலையத்துக்கும் கொழும்புக்குக் கிட்டவுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் வான்வழித் தூரம் 208 கி.மீ. என்கிறார்கள். வீதியால் 240 கி.மீ. வருகிறதே, இதை எப்படிக் கணிக்கிறார்கள்?
– வாசகர், உப்புவெளி

கல்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். சீனக்குடா 8.54 பாகை வடக்கு, 81.18 கிழக்கு. கட்டுநாயக்கா 7.18 வடக்கு, 79.88 கிழக்கு. அகலக்கோட்டு வித்தியாசம் 1.36, அதை 111ஆல் பெருக்க 151 கி.மீ. நெடுங்கோட்டு வித்தியாசம் 1.30, நம் பக்கத்தில் அதை 110ஆல் பெருக்கினால் போதும், 143 கி.மீ. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 208. விமானிகளின் கணக்கில் 112 கடல்மைல். (இலண்டனுக்கு இந்த வழி சரிவராது. அவ்வளவு தூரத்துக்குப் பூமியின் வளைவையும் சேர்த்துக் கணிக்க வேண்டும்.)

ஆனால் எந்த விமானமும் அந்த நேர்கோட்டில் பறப்பதில்லை. காற்றுக்கு எதிராக எழும்பி, குறித்த வான்பாதைக்குத் திரும்பி, இறங்கும்போது மறுபடி ஓடுபாதைக்கு நேராக வந்து சேர வேண்டும். அட்டவணையில் போடும் நேரமோ விமானம் தரிப்பிடத்திலிருந்து நகர்வது தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும்வரை. குறுகிய பயணத்தில் தரையில் ஊரும் நிமிடங்களே கணக்கைக் குழப்பிவிடும். தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டு நேரம் சொல்லும் தளங்களை நம்பி அடுத்த பஸ்ஸைப் பிடிக்கத் திட்டம் போடாதீர்கள்.

சென்னைக்குப் போக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் கிட்டவா, கட்டுநாயக்கா கிட்டவா?
– வாசகி, தம்பலகாமம்

வான்வழியில் பலாலிதான். அங்கிருந்து சென்னை சுமார் 355 கி.மீ., கட்டுநாயக்காவிலிருந்து 645. ஆனாலும் பறக்கும் நேரத்தில் பெரிய இலாபம் இல்லை. பலாலியிலிருந்து போவது ஏரிஆர் 72, விசிறி வைத்த விமானம். மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும். கட்டுநாயக்காவிலிருந்து போகும் எயார்பஸ் 320 மணிக்கு 830 கி.மீ. தொடும். 290 கி.மீ. மிச்சம் பிடித்தும் வித்தியாசம் சில நிமிடங்களே.

திருகோணமலையிலிருந்து வீதித் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான்: வவுனியா ஊடாகப் பலாலிக்கு சுமார் 250, ஹபரணை, குருநாகல் ஊடாகக் கட்டுநாயக்காவுக்கு 240. ஆகவே தூரத்தை விட்டுவிட்டு, எந்த நாளில் சேவை இருக்கிறது, பொதி எத்தனை கிலோ என்பதைப் பாருங்கள். இரண்டாவதை முதலில் கேளுங்கள். சின்ன விமானங்களில் பொதிக்கட்டுப்பாடு இறுக்கம்.

கொழும்பிலிருந்து இலண்டன் போக 11 மணித்தியாலம், திரும்பி வரக் குறைவு. ஏன்?
– வாசகர், மூதூர்

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று வரும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது, போகும்போது முகத்தில் அடிக்கிறது.

14ஆம் திகதி 00:40க்கு கட்டுநாயக்காவிலிருந்து இலண்டனுக்கு விமானம். எப்போது திருகோணமலையிலிருந்து புறப்பட வேண்டும்?
– வாசகி, கிண்ணியா

13ஆம் திகதி பகல்! 14ஆம் திகதி இரவு போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 00:40 என்றால் 13ஆம் திகதி நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம். மூன்று மணித்தியாலம் முன்னதாக, அதாவது 13ஆம் திகதி இரவு 9:40க்கு அங்கே நிற்க வேண்டும். வீதிக்கு ஐந்தரை மணித்தியாலம் என்றாலே மாலை 4 ஆகிறது. மழையும் குருநாகல் நெரிசலும் இருந்தால் அது போதாது. 2 மணிக்கே வெளிக்கிடுங்கள். சீட்டில் இருக்கும் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம் என்பதையும், இலண்டனோடு நமக்கு குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை மணித்தியால வித்தியாசம் என்பதையும் கூட்டிக்கொண்டு போக வருபவரிடம் சொல்லி வையுங்கள்.