83-ஐ விடுங்கள், 11.7-ஐப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது, இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. படிப்பு ஏறவில்லை என்று ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், 83 வந்திருக்கிறது (ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன்). ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.7 கிராம், நார்மல். தாய்மாமன் மகனைக் கட்டியதால்தான் இப்படி என்கிறார் பக்கத்து லைன் வீட்டு அக்கா. மலையில் ஆக்சிஜன் குறைவு, மூளை வளராது என்கிறார் இன்னொருவர். 640 ரூபாய் கொடுத்து ஞாபகசக்தி டானிக் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பாட்டிலைப் பிரிக்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 83 உங்களைத் தூங்க விடவில்லை, 11.7-ஐ ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அப்படியே தலைகீழ்.

முதலில் 83. ஐ.க்யூ.வில் 100 என்பது அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரி, 85-க்கும் 115-க்கும் நடுவில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். 70-க்குக் கீழே போய், கூடவே குளிப்பது, உடுத்துவது, கடைக்குப் போய் மீதிச் சில்லறை எண்ணி வாங்கி வருவது போன்ற காரியங்களிலும் பின்தங்கியிருந்தால்தான் அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்வோம். உங்கள் மகன் அந்தப் பக்கமே இல்லை. இதே பையனை இன்னொரு நாள் உட்கார வைத்தால் 79-ம் வரலாம், 88-ம் வரலாம். சளி பிடித்திருந்தாலோ, பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு வந்திருந்தாலோ, எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பயந்தாலோ எண் மாறும். 1905-இல் பாரிஸில் பினேயும் சிமோனும் இந்தத் தேர்வை உருவாக்கியதே எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான், நாம்தான் அதைப் பிள்ளை நெற்றியில் ஒட்டும் ஸ்டிக்கராக ஆக்கிவிட்டோம்.

ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தீர்களா? வாய்மொழிப் பகுதியில் 74, கையால் செய்து காட்டும் பகுதியில் 92. தேர்வு நடந்தது இங்கிலீஷில். நாள் முழுக்கத் தமிழ் பேசுகிற பையனிடம் இங்கிலீஷ் வார்த்தைக்குப் பொருள் கேட்டால் அளக்கப்படுவது அறிவா, இங்கிலீஷா? நான் பார்த்த ஒரு சிறுமி, கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பத்து மரக்கட்டைகளை அந்தந்தக் குழியில் பொருத்தும் பலகையைக் கொடுத்ததும் நட்சத்திரத்தை விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு, நான் கடிகாரத்தைச் சரியாகப் பிடிப்பதற்குள் பாதியை முடித்துவிட்டாள். இப்படி இரண்டு பகுதிக்கும் 18 புள்ளி வித்தியாசம் வரும்போது கூட்டி வந்த ஒற்றை எண்ணுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. மொழி ஒரு காரணம், காது இன்னொன்று, வாசிப்பில் மட்டும் சிக்கல் இருக்கும் டிஸ்லெக்சியாவாகவும் இருக்கலாம்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலும் அது நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்யும் வேலை, ஒரு பிள்ளையைக் காட்டி இவ்வளவு ஜீன், இவ்வளவு வளர்ப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சொந்தத்தில் கட்டினால் பிறவிக் குறைபாட்டு அபாயம் பொதுவாக உள்ள 2, 3 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, உண்மைதான். அப்படிப் பார்த்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். உட்கார்ந்தது, நடந்தது, பேசியது எல்லாம் காலத்தில் நடந்திருந்தால் அந்த அக்கா சொன்னதை மறந்துவிடுங்கள்.

ஆக்சிஜன் கதைக்கு வருகிறேன். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், இந்த உயரம் மூளை வளர்ச்சியை நிறுத்தாது. ஆனால் காற்றில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் உடம்பு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும், அதனால் மலையில் எடுத்த அளவில் குறைந்தது அரை கிராமையாவது கழித்துத்தான் பார்க்க வேண்டும். 5 முதல் 11 வயதுக்கு 11.5-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உங்கள் 11.7-இல் அரையைக் கழித்தால் 11.2. நார்மல் என்று அச்சடித்த லேப் சீட்டு சமவெளிக் கணக்கு!

இரும்புச்சத்து ரத்தத்துக்கு மட்டுமல்ல, நரம்பின் உறைக்கும், கவனத்துக்குத் தேவையான டோபமைன் என்ற மூளை ரசாயனத்துக்கும் வேண்டும். குறைந்தால் பிள்ளை வகுப்பில் இருந்தும் இல்லாத மாதிரி இருப்பான். எஸ்டேட்டில் காலையில் டீயும் வர்க்கியும், பள்ளி விட்டு வந்ததும் மறுபடி டீயும் வர்க்கியும்தானே? டீயில் உள்ள டானின் சாப்பாட்டிலிருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டீ ஊரில் இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள், இருந்தாலும் 8 வயதுக்கு டீயே வேண்டாம். விட மாட்டேன் என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். சாப்பாட்டோடு கொய்யாவோ நெல்லிக்காயோ சேருங்கள். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் இரும்பு மருந்து, அதையும் சின்னப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். பூச்சி மாத்திரை எப்போது போட்டீர்கள்?

அப்புறம் உப்பு. மலை மண்ணில் அயோடினை மழை அரித்துக்கொண்டு போய்விடும், கல் உப்பில் பெரும்பாலும் அயோடின் இருக்காது. பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிடலாம், குறிப்பாக ஒரு வருஷமாக உயரம் கூடவில்லை என்றால்.

காதை இன்று ராத்திரியே பாருங்கள். அவனுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, “பட்டம், சக்கரம்” என்று ரகசியமாகச் சொல்லி, திருப்பிச் சொல்கிறானா பாருங்கள். குளிர் ஊரில் அடிக்கடி சளி பிடித்து செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிய பிள்ளைகள், அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்தே வகுப்பை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சரியாகச் சொன்னாலும் காது, கண் பரிசோதனைகளை ஊட்டி அரசு மருத்துவமனையில் ஒரு தடவை முறையாகச் செய்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்து, குறைந்தது ஆறு மாதம் கழித்து, தேவைப்பட்டால் தமிழில் மறுபடி டெஸ்ட் எடுக்கலாம். அதுவரை பள்ளியில் ரிப்போர்ட் கேட்டால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள், முதல் பக்கத்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம்.