ரோடு சரியில்லாமல் நடந்த விபத்து: யார் மேல் வழக்குப் போடுவது?

விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் வாசகர்களுக்குத் தரும் பதில்கள்.

கேள்வி: சார், இரவில் சொந்தக் காரில் வந்த என் அண்ணன் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி இறந்துவிட்டார். அந்த இடத்தில் ரோடு திடீரென்று குறுகுகிறது. போர்டு கிடையாது, ரிஃப்ளெக்டர் கிடையாது. ஆனால் எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகம், அஜாக்கிரதை' என்று அண்ணன் மேலேயே எழுதிவிட்டார்கள். ரோடு போட்டவர்கள் மேல் கேஸ் போட முடியுமா?

பதில்: முடியும். எஃப்.ஐ.ஆரைப் பார்த்துத் தளர வேண்டாம், அது சிவில் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தும் ஏறக்குறைய இப்படித்தான். மும்பை-அகமதாபாத் நெடுஞ்சாலையில், சூர்யா நதிப் பாலத்தில் மூன்று வழி இரண்டாகக் குறுகும் இடத்தில் கார் சுவரில் மோதியது. பாலத்தின் வடிவமைப்பிலேயே கோளாறு என்று ஆய்வு செய்த நிபுணர்கள் சொன்னார்கள். பின்சீட்டில் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்பதும் உண்மை. ஆனால் போலீஸ் வழக்குப் போட்டது காரை ஓட்டியவர் மேல். ஓட்டியவர் பெயரை எழுதுவது சுலபம் சார், இன்ஜினியர் பெயரை எழுதத்தான் யாருக்கும் கை வராது.

முதலில் கார் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டி இறந்தால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. லைசென்ஸ் செல்லுபடியாகி, அந்த பிரீமியமும் கட்டியிருக்க வேண்டும். இது யார் தப்பு என்ற கேள்விக்கே போகாது.

அடுத்தது சாலைத் துறை. எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) போடும் தீர்ப்பாயம் வண்டியையும் அதன் இன்சூரன்ஸையும் வைத்துத்தான் ஓடுகிறது. வேறு வண்டியே இல்லாத விபத்தில் சாலைத் துறையை மட்டும் அங்கே நிறுத்தினால், வழக்கு அந்தத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வருமா என்ற சண்டையிலேயே வருடங்கள் போய்விடும். 1855-ஆம் வருட உயிரிழப்பு விபத்துகள் சட்டப்படி சிவில் கோர்ட்டுக்குப் போங்கள். அந்த இழப்பீடு மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்குத்தான். தம்பியான உங்களுக்கு அதில் பங்கு இல்லை, அண்ணி முன்னால் நிற்கட்டும். கெடு, இறந்த நாளிலிருந்து 2 வருடம். ஆனால் அரசுத் தரப்பு 'சட்டப்படியான கடமையில் நடந்தது' என்று சொல்லி 1 வருடக் கெடுவை எடுத்து நீட்டும். அதனால் ஒரு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். அரசு மேல் வழக்கென்றால் 2 மாத முன்னறிவிப்பு நோட்டீஸ் வேறு இருக்கிறது.

கேள்வி: ரோடு டிசைன் சரியில்லை என்றால் 1 லட்சம் அபராதம் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதே, அது பாதிக்கப்பட்டவருக்கு வருமா?

பதில்: வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு அது. அதிகபட்சமே 1 லட்சம், அதுவும் அரசின் விபத்து நிதிக்குப் போகிறது. கோடிக்கணக்கில் டெண்டர் எடுத்தவருக்கு இது டீச்செலவு. ஆனாலும் அந்தப் பிரிவை நான் விடமாட்டேன். ஆபத்து இருப்பது துறைக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா, எச்சரிக்கைப் பலகை வைத்தார்களா என்றெல்லாம் கோர்ட் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சிவில் வழக்கிலும் நம் வாதத்தை அதே வரிசையில் அடுக்கலாம்.

கேள்வி: 'எங்களுக்குத் தெரியாது' என்று துறை சொல்லிவிட்டால் எப்படி நிரூபிப்பது அண்ணா?

பதில்: பாதி வழக்குகள் தோற்பது இங்கேதான். சட்டம் இல்லாமல் தோற்பதில்லை, ஆதாரம் இல்லாமல் தோற்கின்றன. பெரிய விபத்து நடந்தால் சில நாளில் ஆள் வந்து பள்ளத்தை மூடி, வெள்ளை அடித்து, போர்டும் நட்டுவிட்டுப் போவார்கள். அப்புறம் போய் போட்டோ எடுத்தால் அது அவர்களுக்குத்தான் சாட்சி. அதனால் மறுநாளே யாராவது போய், இரவிலும் பகலிலும், வண்டி வந்த திசையிலிருந்து வீடியோ எடுக்க வேண்டும். டேப் வைத்து அளக்க வேண்டும். போலீஸ் எழுதும் பார்வை மகசரிலும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) வரைபடத்திலும் போர்டு இல்லாததும் விளக்கு எரியாததும் வந்திருக்கிறதா பாருங்கள். வராவிட்டால் எஸ்.பி.க்கு எழுத்தில் கொடுங்கள்.

பிறகு ஆர்.டி.ஐ. போட்டு அந்த இடம் 'பிளாக் ஸ்பாட்' பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் 3 வருடத்தில் 5 மோசமான விபத்து, அல்லது 10 சாவு நடந்தால் அது பிளாக் ஸ்பாட். பட்டியலில் இருந்தால் 'தெரியாது' என்ற வாய் அடைபடும். சாலைப் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கை, கான்ட்ராக்ட் நகல், பராமரிப்புப் பொறுப்புக் காலம் எல்லாவற்றையும் அதே மனுவில் கேட்கலாம். கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஊர்க்காரர் யாராவது அந்த இடத்தைப் பற்றி மனு கொடுத்திருந்தால், அந்த ரசீதைத் தேடிப் பிடியுங்கள். நிபுணர் அறிக்கையைவிட அந்தத் துண்டுச் சீட்டுக்கு நான் அதிகம் ஆசைப்படுவேன்.

கேள்வி: பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் என் பைக் தூக்கிப்போட்டு, பின்னால் இருந்த அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது.

பதில்: வேகத்தடைக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) சொல்லும் அளவு உண்டு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். தெருவில் ஆளாளுக்குப் போட்டிருப்பதில் பலதும் வெறும் தார்க் குவியல். அளந்து வையுங்கள். உங்கள் பாலிசி முழு பாலிசியா என்றும் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் பின்னால் உட்காருபவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. முழு பாலிசி என்றால் அம்மா உங்கள் மேலேயே எம்.சி.ஓ.பி. போட வேண்டியிருக்கும். இதற்குத்தான் குடும்பங்கள் தயங்குகின்றன. பணம் தருவது இன்சூரன்ஸ் கம்பெனி, மகன் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெல்மெட் போடவில்லை. கேஸ் போச்சா?

பதில்: போகவில்லை. தலைக்காயம் என்றால் தொகை குறையலாம். கால் உடைந்ததற்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? விதியை மீறியதே பங்களிப்பு அலட்சியம் (பாதிக்கப்பட்டவர் பக்கத் தப்பு) ஆகிவிடாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும் அல்லது காயத்துக்கும் தொடர்பு வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பைக்கில் மூன்று பேர் போன வழக்கு.

கேள்வி: துறை கான்ட்ராக்டரைக் கைகாட்டுகிறது, கான்ட்ராக்டர் துறையைக் காட்டுகிறார்.

பதில்: இரண்டு பேரையும் பிரதிவாதி ஆக்குங்கள். டோல் ரோடு என்றால் வசூலிக்கும் கம்பெனியையும். பலருடைய அலட்சியம் சேர்ந்து ஒரு விபத்து என்றால், யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வசூலிக்கலாம். அவர்கள் பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு.

கேள்வி: நேராக ஹைகோர்ட்டுக்கே போனால் என்ன?

பதில்: உண்மைகளில் தகராறே இல்லை என்றால் ரிட் (அரசுக்கு எதிராக நேராக ஹைகோர்ட்டில் போடும் மனு) போடலாம். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் சாலைப் பள்ளத்தால் இறந்தால் 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரை என்று உத்தரவிட்டது. அது மகாராஷ்டிராவுக்கு. இங்கே அதை வாதமாக வைக்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. டெல்லியில் மணிக்கூண்டு இடிந்து விழுந்ததற்கு மாநகராட்சி பொறுப்பு என்று 1966-இல் சொன்ன அதே உச்ச நீதிமன்றம், ராஜ்கோட்டில் மரம் விழுந்து ஒருவர் இறந்ததற்கு மாநகராட்சி பொறுப்பில்லை என்று 1997-இல் சொன்னது. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ராஜ்கோட் தீர்ப்போடுதான் வருவார். மரம் எப்போது விழும் என்று சொல்ல முடியாது, பாலத்தின் அகலம் கட்டின நாளிலேயே தெரியும் என்று பதில் வைத்திருங்கள்.