இல்லாத கிரகத்தின் இசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கற்பனை உலகங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் ‘மாக்மா’ என்ற பிரெஞ்சு ராக் குழுவைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அவர்கள் தாங்களே உருவாக்கிய கிரகத்தைப் பற்றித் தாங்களே உருவாக்கிய மொழியில் பாடுகிறார்கள் என்று. சரி, கேட்டுப் பார்ப்போமே என்று ‘மெக்கானிக் டிஸ்ட்ரக்டிவ் கொமாண்டோ’ என்ற தொகுப்பைத் தேடிப் போட்டேன். நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வார்த்தை புரியவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். பக்கத்தில் இருந்த என் பையன், ஏழு வயது, “அப்பா, இவங்க சண்டைக்குப் போறாங்களா?” என்று கேட்டான்.

என் சந்தேகம் இதுதான். இல்லாத கிரகம், இல்லாத மொழி என்பதெல்லாம் வெறும் வித்தை காட்டல் இல்லையா? தில்லானாவில் வரும் சொற்கட்டுக்கும் அர்த்தம் கிடையாது, ஆனால் அதற்காக யாரும் ஒரு கிரகத்தைக் கட்டவில்லையே. இதை ஒரு தனி இசைவகை என்றும் அதற்கு வரலாறு உண்டு என்றும் சொல்கிறார்களே, அது எப்படி?

அன்புடன்,
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

உங்கள் பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். சண்டைக்குத்தான் போகிறார்கள். 1973இல் வந்த அந்தத் தொகுப்பின் கதைப்படி, நெபேர் குதாட் என்றொரு தீர்க்கதரிசி பூமியின் மக்களிடம், நீங்கள் அழிந்தால்தான் உங்களுக்கு மீட்சி என்கிறார். கொதித்துப்போன கூட்டம் அவருக்கு எதிராக அணிவகுத்துக் கிளம்புகிறது. நடக்க நடக்க ஒவ்வொருவருக்கும் சந்தேகம் வருகிறது. கடைசியில் அவர் பக்கமே சேர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அலுத்துக்கொண்ட ‘ஒரே வரி’ அந்தக் கூட்டத்தின் காலடி. அதே காலடி போகப் போகக் கோபத்தை விட்டுவிட்டு வேறு ஏதோ ஆவேசத்துக்குள் நுழைவதை இன்னொரு முறை கேட்டால் பிடித்துவிடலாம். நானே முதல் முறை கேட்டபோது, நண்பர் பதிந்து கொடுத்த குறுந்தகடு சிக்கிக்கொண்டது என்று நினைத்து எழுந்துபோய்ப் பார்த்தேன்.

வித்தை காட்டல் உண்டா என்றால், உண்டு. கறுப்பு உடை, நெஞ்சில் தொங்கும் நகம் போன்ற சின்னம், உயிரெழுத்துகளின் தலைக்கு மேல் தூவிய புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. கதையும் மெல்லியதுதான். சீரழிந்துபோன பூமியை விட்டு ஒரு கூட்டம் விண்கலத்தில் ஏறி ‘கோபையா’ என்ற கிரகத்தில் குடியேறுகிறது. பிறகு பூமியோடு மீண்டும் மோதல். இதையே நாவலாக எழுதித் தந்திருந்தால் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்திருப்பேன். ஆனால் கோபையாவை நாவலின் உலகம் போலப் பார்ப்பதில்தான் நம் தவறு இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

மாக்மாவின் தலைவர் கிறிஸ்டியன் வான்டேர் ஒரு டிரம்ஸ் கலைஞர். 1948இல் பிறந்தவர். ஜாஸ் கேட்டே வளர்ந்தவர். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன்தான் அவருக்குக் கடவுள். 1967 ஜூலையில் கோல்ட்ரேன் இறந்ததும் வான்டேர் உடைந்துபோனார். பிரான்சை விட்டு இத்தாலிக்குப் போய் அலைந்தார். 1969இல் பாரிசுக்குத் திரும்பி மாக்மாவைத் தொடங்கினார். மறு ஆண்டே முதல் தொகுப்பு, இரட்டை இசைத்தட்டாக வந்தது. கோல்ட்ரேனைப் போல வாசிப்பதில் அர்த்தமில்லை, அதை அவரே முடித்துவிட்டார். அந்தத் தீவிரத்தோடு வேறு எங்காவது போயாக வேண்டும். அந்த ‘வேறு எங்காவது’க்கு வைத்த பெயர்தான் கோபையா என்பது என் வாசிப்பு.

மொழியும் அப்படி வந்ததுதான். தன் இசையின் ஒலிக்குப் பிரெஞ்சு ஒத்துவரவில்லை என்று வான்டேர் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு வழுக்கிக்கொண்டு போகும் மொழி. இவருக்கு வேண்டியிருந்தது டிரம்ஸின் அடிக்கு ஈடுகொடுக்கும் வல்லொலிகள். ஜெர்மன் சாயலும் ஸ்லாவிய மொழிகளின் சாயலும் கலந்த அசைகள், மெட்டு பிறக்கும்போதே கூடப் பிறந்தன. பிறகு அவற்றில் சிலவற்றுக்குப் பொருள் ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் சொற்பட்டியல் எல்லாம் தொகுத்திருக்கிறார்கள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் அலுப்புத் தட்டிவிட்டது.

நீங்கள் சொன்ன தில்லானா எனக்கும் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தகதிமிக்குப் பின்னால் மிருதங்கத்தின் அடி இருக்கிறது, ஆடுபவரின் கால் இருக்கிறது. அது எதையும் சொல்வதாகப் பாவனை செய்வதில்லை. மாக்மாவின் மொழியான கோபையமோ நம்மிடம் ஏதோ சொல்கிறது, எச்சரிக்கிறது, மன்றாடுகிறது, என்னவென்றுதான் சொல்லாது. ஊர் தெரியாத இடத்தில், பாஷை தெரியாத ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி. யார்மேல் சாமி வந்திருக்கிறது என்பது மட்டும் புரியும்.

இனி வரலாறு. இதை வரிசையாகச் சொல்லவே முடியாது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நீங்கள் கேட்டது மூன்று பாகக் கதை ஒன்றின் மூன்றாம் பாகம். அதுதான் முதலில் வந்தது. இரண்டாம் பாகமான ‘வூர்தா இட்டா’ 1974இல், ட்ரிஸ்டானும் இசோல்டும் என்ற பழைய ஐரோப்பியக் காதல் கதையை வைத்து எடுத்த ஒரு படத்தின் பின்னணி இசையாக, மாக்மாவின் பெயரே இல்லாமல் வான்டேரின் பெயரில் வந்தது. முதல் பாகமான ‘தொய்ஸ் ஹம்டாக்’ ஸ்டுடியோத் தொகுப்பாக வரவே இல்லை. 1980இல் பாரிசின் ஒலிம்பியா அரங்கில் வாசித்ததைத்தான் மறு ஆண்டு இசைத்தட்டாக்கினார்கள். மூன்றையும் வரிசைப்படி ஒரே மேடையில் கேட்க 2000ஆம் ஆண்டு வரை, பாரிசின் ட்ரியானோன் அரங்கு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு முத்தொகுதியும் உண்டு. அதில் ‘கோன்டார்கோஸ்’ 1974இல் வந்தது. பழைய எகிப்திய மன்னன் ஒருவனின் கல்லறைக்குள் இறங்கும் மனிதனின் கதை. அவனுடைய இளமைக் காலத்தைச் சொல்லும் ‘கா’ 2004இல்தான் வந்தது. முப்பது ஆண்டு இடைவெளி, ஆனால் உள்ளே இருக்கும் இசையில் பெரும்பகுதி எழுபதுகளிலேயே மெட்டமைத்தது. அந்த மன்னனின் கதை 2009இல். ஆக, கோபையாவின் காலண்டரும் பாரிசின் காலண்டரும் எங்குமே பொருந்துவதில்லை. குழுவில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எண்பதுகளில் வான்டேர் ‘ஆஃபரிங்’ என்ற வேறொரு குழுவுக்கு நகர்ந்துவிட, மாக்மா பல ஆண்டுகள் பெரும்பாலும் தூங்கியது. ஆனால் கிரகத்துக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

சரி, ஒரு குழுவின் கதை எப்படி ஓர் இசைவகையின் கதை ஆனது?

முதலில் பெயர். கோபைய மொழியில் ‘வானுலகைச் சேர்ந்தது’ என்கிற மாதிரிப் பொருள் தரும் ஒரு சொல், பிற்பாடு இந்த இசைவகைக்கே பெயராகிவிட்டது. தமிழில் அதை எழுதுவது சிரமம். ‘ஸெல்’லுக்கும் ‘ஸொல்’லுக்கும் நடுவில் நிற்கும் பிரெஞ்சு உயிரொலி. நான் ‘ஸொல்’ என்றே எழுதுகிறேன். சொல் புரியாத இசைக்கு இப்படி ஒரு பெயர் அமைந்தது தமிழின் குறும்பு. இல்லாத மொழியின் சொல் ஒன்று இசைத்தட்டுக் கடையில் ஓர் அடுக்கின் பெயராக மாறியதற்கு ராக் உலகில் வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஒலி. 1973இல் ஜானிக் டாப் என்ற பேஸ் கிதார் கலைஞர் சேர்ந்தார். அடிப்படையில் செல்லோ பயின்றவர். பேஸ் கிதாரின் தந்திகளைச் செல்லோவைப் போலவே சுருதி கூட்டிக்கொண்டார். வழக்கமான பேஸ் கிதாரின் கீழ்த்தந்தியை விடவும் கீழே இறங்கும் அந்த உறுமல் இங்கிருந்துதான் வருகிறது. 1976 தொகுப்பில் ‘டி ஃபூச்சுரா’ என்று பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு துண்டு இருக்கிறது, அவர் எழுதியது. இரவில் ஹெட்போனில் கேளுங்கள், பையன் தூங்கிய பிறகு. ராக் என்றால் கிதார் முன்னால் நிற்கும் என்ற வழக்கத்தை இவர்கள் கழற்றி எறிந்தார்கள். பேஸும் டிரம்ஸும் பியானோவும் ஒன்றாக இடிக்கும், மேலே தேவாலயக் குழுப்பாடல் போலக் குரல்கள் அடுக்கடுக்காக ஏறும், ஒரு சிறு துணுக்கு மாறாமல் சுழன்றுகொண்டே இருக்கும். மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர்களான கார்ல் ஓர்ஃபும் ஸ்ட்ராவின்ஸ்கியும் ஒரு பக்கம், கோல்ட்ரேன் மறுபக்கம்.

மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: கேட்பதற்கு இடம். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் ஆரம்ப நாட்களில் அவர்களுக்குக் கைகொடுத்த ஜியார்ஜியோ கோமெல்ஸ்கி, மாக்மாவின் நிர்வாகத்தையும் ஒலிப்பதிவையும் பார்த்துக்கொண்டார். பிரான்சின் ஊர்களில் இருந்த இளைஞர் பண்பாட்டு இல்லங்களைக் கோத்து, இந்த மாதிரிக் குழுக்கள் சுற்றி வரும்படி ஒரு கச்சேரிப் பாதையை அமைத்தார். வானொலியில் போட முடியாத இசை இப்படித்தான் சிற்றூர்ப் பையன்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாக்மாவிலிருந்து வெளியேறியவர்கள் ‘ஸாவோ’ என்றும் ‘வைதோர்ஜே’ என்றும் குழு அமைத்தார்கள். இரண்டாவதன் பெயரே கோபையச் சொல்தான். ‘டூன்’ என்ற இன்னொரு பிரெஞ்சுக் குழு 1981இல் போட்ட ஒரே தொகுப்பு புல்லாங்குழலும் தாளச் சிக்கலுமாகப் பறக்கும். அதில் பாட்டே இல்லை. பெல்ஜியத்தின் ‘யூனிவர் ஸீரோ’ பஸூன், வயலின், ஹார்மோனியம் என்று அறையிசைக் கருவிகளை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போனது. இவர்கள் யாருக்கும் கோபையாவில் குடியுரிமை தேவைப்படவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் ஜப்பானில் நடந்தது. யோஷிதா டாட்சுயா என்ற டிரம்ஸ்காரர், 1985இல் தொடங்கிய ‘ரூயின்ஸ்’ குழுவில் பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு மொழியை உருவாக்கிப் பாடினார். 1991இல் பெரிய குழு ஒன்றையும் ஆரம்பித்தார். அதன் பெயர் ‘கோயென்ஜி ஹ்யாக்கெய்’, அதாவது கோயென்ஜியின் நூறு காட்சிகள். கோயென்ஜி கிரகம் இல்லை, டோக்கியோவில் ரயில் நிலையம் உள்ள ஒரு பேட்டை. இசையை எடுத்துக்கொண்டார், மொழி செய்யும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டார், விண்கலத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார். உங்கள் ‘எப்படி இது ஒரு வகை?’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

ஒரு உபரித் தகவல். ஆறு முறை உலக சாம்பியனான ஸ்னூக்கர் வீரர் ஸ்டீவ் டேவிஸ், 1988இல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு மாக்மாவை லண்டனில் வாசிக்க வைத்தார். மேஜையின் முன் முகத்தில் ஒரு சலனமும் காட்டாதவர் என்று பெயரெடுத்த மனிதர். அவருக்குக் கோபையம் எத்தனை சொல் புரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பையனுக்குக் கோயென்ஜியைப் போட்டுக் காட்டுங்கள். மாக்மாவை விட வேகம், பாதி நேரம் சிரிப்பாகவும் இருக்கும். ஒலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டலாம். இவர்களும் சண்டைக்குத்தான் போகிறார்களா என்று அவனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.