அதிர்வுப் பலகையில் நின்றால் எலும்பு வலுப்பெறுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எலும்பு அடர்த்தியை அளக்க அண்மையில் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் (இளம்வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.1 என்று வந்தது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முழு உடலையும் அதிரவைக்கும் பலகை ஒன்றைக் கடையில் பார்த்தோம். அதன்மேல் தினமும் 10 நிமிடம் நின்றால் ஒரு மணி நேரம் நடந்ததற்குச் சமம், எலும்பும் கெட்டிப்படும், சர்க்கரையும் குறையும் என்று விற்பனையாளர் சொன்னார். முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாத எனக்கு இது நல்ல வழியாகத் தோன்றுகிறது. வாங்கலாமா, டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: எலும்புக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், வேண்டாம் அம்மா. கால் தசைகளின் வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் இந்தப் பயிற்சி ஓரளவு உதவும் என்பதற்குச் சான்று உண்டு. எலும்பு அடர்த்தியைப் பொறுத்தவரை, நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அது பயன் தருவதாக இதுவரையிலான பெரிய ஆய்வுகள் காட்டவில்லை.

பலகை அதிரும்போது கால் தசைகள் மிக விரைவாக, மிகச் சிறிய அளவில் இழுபடுகின்றன. தசைக்குள் இருக்கும் உணர்விழைகள் அந்த இழுவையை உணர்ந்து தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, தசை அனிச்சையாகச் சுருங்குகிறது. இது நொடிக்குப் பலமுறை நடக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், 12 வாரப் பயிற்சிக்குப் பிறகு இளம்பெண்களின் முன்தொடைத் தசை வலு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடியது. ஆனால் அவர்கள் பலகைமேல் சும்மா நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முழங்காலை மடித்து, பாதி உட்கார்ந்து எழும் பயிற்சிகளை அதன்மேல் செய்தார்கள்.

எலும்பு பற்றிய நம்பிக்கை ஆடுகளிடமிருந்து தொடங்கியது. அமெரிக்காவில் கிளின்டன் ரூபின் குழுவினர், பெண் செம்மறியாடுகளின் பின்னங்கால்களை நாளுக்கு 20 நிமிடம் வீதம் ஓராண்டு மென்மையாக அதிரவைத்தபோது, தொடையெலும்பின் மேற்பகுதியில் பஞ்சு போன்ற உள்எலும்பின் அடர்த்தி 34 விழுக்காடு உயர்ந்ததாக 2001-இல் வெளியிட்டார்கள். வியக்கத்தக்க முடிவுதான். ஆனால் மனிதர்களிடம் அது மீண்டும் கிடைக்கவில்லை. கனடாவின் டொரான்டோவில், மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், நாள்தோறும் 20 நிமிடம் அதிர்வுப் பலகையில் நின்றவர்களுக்கும் நிற்காதவர்களுக்கும் எலும்பு அடர்த்தியில் வேறுபாடு இல்லை. சராசரியாக 82 வயதான முதியவர்களிடம் அமெரிக்காவில் இரண்டாண்டு நடந்த ஆய்வும் 2015-இல் அதே முடிவைத்தான் தந்தது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் ஒரு விழுக்காட்டை ஒட்டிய உயர்வு தெரிந்திருக்கிறது. அதை நம்பிப் பணம் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. ஆய்வுகளில் பயன்பட்ட பலகையும் கடையில் நீங்கள் பார்த்த பலகையும் ஒன்றல்ல. செம்மறியாடுகளுக்கும் டொரான்டோ பெண்களுக்கும் கொடுக்கப்பட்ட அதிர்வின் வலிமையைக் காட்டும் வேகமாற்றம் (முடுக்கம்) புவியீர்ப்பில் 0.3 மடங்குதான், பலகை அதிர்வதே கண்ணுக்குத் தெரியாது. மாறாக, கடையில் விற்கும் பலகை ஒன்று நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 2 மில்லிமீட்டர் வீதம் நகர்ந்து நொடிக்கு 30 முறை அதிர்ந்தால், கணக்குப்படி அது புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கைத் தாண்டுகிறது, அதாவது ஆய்வுக் கருவியைவிட இருபது மடங்குக்கு மேல். விற்பனைக்கு வரும் பல கருவிகளின் அட்டைப்பெட்டியில் அதிர்வெண்ணும் (நொடிக்கு எத்தனை முறை அதிரும்) வீச்சும் (எவ்வளவு தூரம் நகரும்) தெளிவாக அச்சிடப்படுவதே இல்லை. மருந்தின் அளவு தெரியாமல் மாத்திரை விழுங்கமாட்டோம் அல்லவா?

சர்க்கரை நோய்க்கு வருவோம். பிறவியிலேயே பருமனும் நீரிழிவும் கொண்ட ஆண் எலிகளை 12 வாரம் அதிர்வுப் பலகையில் வைத்தபோது, டிரெட்மில்லில் ஓடிய எலிகளைப் போலவே அவற்றின் தசையும் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையும் மேம்பட்டதாக 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடற்பயிற்சியே தேவையில்லை என்ற தலைப்புச் செய்திகள் அதைத் தொட்டுத்தான் பரவின. எலிக்குக் கிடைத்த பயனை வைத்து, மனிதர்கள் ஒரு மணி நேர நடையைக் கைவிடலாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பலகையில் நிற்கும்போது நீங்கள் செலவிடும் ஆற்றல், அதே நேரம் மிதமாக நடந்தால் செலவாகும் அளவை ஒட்டியதுதான். 10 நிமிடம் 60 நிமிடத்துக்கு ஈடாகாது.

உங்கள் டி-ஸ்கோர் எலும்பு மெலிவுக்கு முந்தைய நிலையில் இருக்கிறது. இந்த நிலையில் நாம் அஞ்ச வேண்டியது எண்ணுக்கு அல்ல, விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கே. அந்த வகையில் அதிர்வுப் பயிற்சிக்கு ஒரு நல்ல சொல் சொல்லியாக வேண்டும்: ஹாங்காங்கில் 710 முதிய பெண்களிடம் 18 மாதம் நடந்த ஆய்வில், மென்மையான அதிர்வுப் பலகையைப் பயன்படுத்திய குழுவில் விழுதலும் எலும்பு முறிவும் குறைவாக இருந்தன, தொடை வலுவும் சமநிலையும் கூடின. எலும்பு அடர்த்தி மட்டும் அங்கும் மாறவில்லை. எலும்பையே அடர்த்தியாக்கும் பயிற்சிக்கு வலுவான சான்று, ஆஸ்திரேலியாவில் 2018-இல் வெளியான ஆய்வில் உள்ளது. எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களில் ஒரு பிரிவினர், வாரம் இருமுறை அரை மணி நேரம், பயிற்சியாளரின் நேரடிப் பார்வையில் எடை தூக்கியும் குதித்து இறங்கியும் பயிற்சி செய்தார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்ந்தது. உங்கள் முழங்காலுக்குக் குதிக்கும் பயிற்சி ஒத்துவராமல் போகலாம். அதனால் முதலில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவதில் தொடங்கி, எடையைச் சிறிதுசிறிதாகக் கூட்டும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பலகைக்கு எடுத்துவைத்த தொகை அதற்கும், வைட்டமின் டி அளவைப் பார்ப்பதற்கும் தாராளமாகப் போதும்.

கேள்வி: நான் 15 ஆண்டுகளாக டிராக்டர் ஓட்டுகிறேன். அதிர்வினால்தான் இடுப்புவலி என்று மருத்துவர் சொன்னார். அதே அதிர்வை ஜிம்மில் பயிற்சியாகத் தருகிறார்களே, எது உண்மை?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் உண்மை. டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது, நொடிக்குச் சில முறை மட்டுமே குலுங்கும் மெதுவான அதிர்வு, இடையில் தாங்க எதுவுமின்றி நேரே முதுகெலும்புக்குப் போகிறது. உட்கார்ந்த உடலின் முதுகெலும்பு, நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வுக்குத்தான் மிக அதிகமாக இசைந்து குலுங்கும். அதுவும் நாள் முழுவதும் தொடர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த நெறிமுறை, எட்டு மணி நேர வேலையில் உடலை எட்டும் அதிர்வின் வேகமாற்றத்துக்கு, நொடி வர்க்கத்துக்கு 1.15 மீட்டர் என்ற உச்ச வரம்பை வைத்திருக்கிறது. பயிற்சிப் பலகை நொடிக்கு 20 முதல் 40 முறை அதிர்கிறது; சில நிமிடங்களே நிற்கிறோம்; மடித்த முழங்காலும் கணுக்காலும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன. காலை விறைப்பாக நீட்டி நின்றால் அந்தப் பாதுகாப்பு போய், அதிர்வு தலைவரை ஏறும். ஆனாலும் விற்பனையில் உள்ள சில கருவிகளை அளந்தபோது, தொழிலகங்களுக்கான வரம்பைச் சில நிமிடங்களிலேயே அவை தாண்டுவது தெரிந்தது. நாள் முழுவதும் அதிர்வில் இருந்துவிட்டு வரும் உங்களுக்கு மாலையில் இன்னும் அதிர்வு தேவையில்லை. நல்ல ஸ்பிரிங் இருக்கையும், இடையிடையே இறங்கி நடப்பதும், முதுகுத் தசைப் பயிற்சியும்தான் தேவை.

கேள்வி: 70 வயதான என் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் உண்டு. மூன்று மாதம் முன்பு கண்புரை அறுவை செய்தோம். வீட்டில் இருக்கும் அதிர்வுப் பலகையில் நிற்க ஆசைப்படுகிறார். அனுமதிக்கலாமா?
- வாசகி, சேலம்

பதில்: அனுமதிக்காதீர்கள். கல் நகர்ந்து வலியும் இரத்தப்போக்கும் வரலாம் என்பதால் சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு இது தவிர்க்கப்படுகிறது. கண்ணில் பொருத்திய செயற்கை லென்ஸ் இடம் பெயர்ந்ததும், கண்ணுக்குள் இரத்தம் கசிந்ததும் அதிர்வுப் பயிற்சிக்குப் பிறகு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் இரத்தக்கட்டி உள்ளவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள் ஆகியோருக்கும் கூடாது. உங்கள் அப்பா ஏற்கெனவே ஓரிரு முறை ஏறி நின்றிருந்து, கண்முன் மின்னல் போல ஒளி தெரிவதாகவோ, கரும்புள்ளிகள் மிதப்பதாகவோ, பார்வையில் திரை விழுந்ததுபோல் இருப்பதாகவோ சொன்னால், மறுநாளைக்குத் தள்ளாமல் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.